விரல் போன வழி: நகர்த்தித் திறக்கும் பூட்டும் நான்கு நாட்டு நீதிமன்றங்களும்

செந்தூலைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவர் சென்ற ஆண்டு ஒரு மாலையில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அலுவலகத்துக்கு ஒரு டேப்லெட்டுடன் வந்தார்கள். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் பரிமாறுபவர்கள் ஆர்டர் எடுப்பதற்கு அவர்கள் ஒரு செயலி எழுதியிருந்தார்கள். மேசை எண்ணுக்குக் கீழே சைவச் சாப்பாடு, நண்டுப் பிரட்டல், மோர் என்று ஒரு சீட்டு வளரும். அந்தச் சீட்டில் விரலை வைத்துத் தள்ளினால் விரலோடு சேர்ந்து அது நகரும். ஓரம் வரை போனால் சமையலறையில் மணி அடிக்கும். பாதியில் விரலை எடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

"அக்கா, இதற்குக் காப்புரிமை கிடைக்குமா? எங்கும் தேடிப் பார்த்துவிட்டோம். இப்படி ஒரு ஆர்டர் செயலி யாரிடமும் இல்லை" என்றார் அண்ணன்.

யாரிடமும் இல்லை என்பது புதுமை பற்றிய கேள்விக்கு விடை. மலேசியாவின் 1983-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் அதை 14-ஆம் பிரிவில் கேட்கிறது. 15-ஆம் பிரிவு கேட்பது வேறு, அதில் புத்தாக்கம் இருக்கிறதா என்பது. அதற்கு முன் வெளியான அனைத்தையும் அறிந்த, அந்தத் துறையில் சராசரித் திறமை உள்ள ஒருவருக்கு இது இயல்பாகவே தோன்றியிருக்குமா? தோன்றியிருக்கும் என்றால், புதியதாக இருந்தாலும் உரிமை கிடையாது. திரை இடைமுகங்களைப் பொறுத்தவரை இந்தக் கேள்வியைத் தாண்டுவது மிகக் கடினம். ஒரு மருந்தின் மூலக்கூறைப் பார்த்து 'இது எனக்கும் தோன்றியிருக்கும்' என்று யாரும் சொல்வதில்லை. திரையில் ஒரு படம் விரலோடு நகர்வதைப் பார்த்தவர்கள் எல்லாரும் அப்படிச் சொல்லிவிடுவார்கள். ஒருமுறை செய்து பார்த்துவிட்டால், பிறந்ததிலிருந்தே கைக்கு அது தெரியும் என்பதுபோல் ஆகிவிடுகிறது.

அன்று அவர்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லாமல், அலமாரியிலிருந்து ஒரு வழக்குக் கட்டை எடுத்து வைத்தேன். ஆப்பிள் நிறுவனத்தின் 'நகர்த்தித் திற' பூட்டைப் பற்றிய கட்டு அது. ஒரே அம்சத்தின் மீது நெதர்லாந்து, இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா ஆகிய நான்கு நாடுகளில் வழக்கு நடந்தது. மூன்று நாடுகளில் ஒரு விடையும் நான்காவதில் வேறொரு விடையும் வந்தன. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பது புரிந்தால், திரையில் செய்த ஒன்றுக்கு உரிமை கேட்பவர் எதை எழுத வேண்டும் என்பதும் புரிந்துவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உரிமை கோரப்பட்டது என்ன

முதல் விண்ணப்பம் 2005 டிசம்பர் 23-இல் போடப்பட்டது. ஐஃபோன் அப்போது வெளியுலகுக்குத் தெரியாது. அந்தக் குடும்பத்தில் பிறந்த அமெரிக்கக் காப்புரிமை எண் 8,046,721, 2011 அக்டோபர் 25-இல் வழங்கப்பட்டது. ஐரோப்பாவில் அதன் உடன்பிறப்பு 1 964 022.

எதற்கெல்லாம் உரிமை வேண்டும் என்று காப்புரிமையில் எண்ணிட்டு எழுதும் பகுதிகளே உரிமைக்கோரல்கள். அமெரிக்க வழக்கில் முன்வைக்கப்பட்டது 8-ஆம் உரிமைக்கோரல். 7-ஆம் கோரலைச் சார்ந்தது அது. சட்டமொழியைக் கழற்றிவிட்டால் அதில் இருப்பவை இவை. பூட்டிய திரையில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஒரு படம் இருக்கும். விரல் அதைத் தொட வேண்டும். விரல் நகர நகரப் படமும் இடைவிடாமல் கூடவே நகர வேண்டும். குறித்த இடத்தை அடைந்ததும் பூட்டுத் திறக்கும். எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பதைத் திரையே ஒரு குறியால் காட்டும். 7-ஆம் கோரலோடு 8-ஆம் கோரல் சேர்த்தது அந்தக் கடைசிக் குறியை மட்டுமே.

மேசையில் இருந்த இரண்டு தாள்கள்

எதிர்த்தரப்பு கொண்டுவந்த முன்னறிவில், அதாவது விண்ணப்பத்துக்கு முன்பே வெளியாகியிருந்தவற்றில், இரண்டு ஆவணங்களே முக்கியம். முதலாவது, சுவீடன் நிறுவனமான நியோநோடு தன் என்1 கைப்பேசிக்கு வெளியிட்ட பயன்பாட்டுக் கையேடு. அந்தத் தொடுதிரையில் விரலை இடமிருந்து வலமாக இழுத்தால் பூட்டுத் திறக்கும். வலப்பக்கம் இழுத்துத் திறக்கவும் என்ற அறிவிப்பும் திரையில் எழுத்தாக வரும். ஆனால் விரலுக்குக் கீழே எதுவும் நகராது. விரல் மட்டும் போகும்.

இரண்டாவது, மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் கேத்தரின் பிளேசான், டேனியல் வாலஸ் ஆகியோர் 1992-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு. சுவரில் பொருத்திய தொடுதிரையிலிருந்து வீட்டுச் சாதனங்களை இயக்குவதற்கு எந்த வகை ஸ்விட்ச் பொருத்தம் என்று பயனர்களிடம் சோதித்தார்கள். அவற்றில் ஒன்று, விரலால் தள்ளினால் கூடவே நகரும் ஸ்விட்ச். பயனர்கள் அதைவிட அழுத்தும் ஸ்விட்ச்சையே விரும்பினார்கள், ஏனென்றால் தள்ளுவது சற்றுக் கடினமான வேலை. ஆனால் தள்ளும் ஸ்விட்ச் தற்செயலாக இயங்கிவிடாது என்பதையும் அதே ஆய்வு ஒரு நன்மையாகக் குறித்துவைத்திருக்கிறது.

இந்த ஒரு வாக்கியத்தில்தான் வழக்கின் மையம் இருக்கிறது. பையில் கிடக்கும் கைப்பேசி தானாக யாரையோ அழைத்துவிடக் கூடாது என்பதே பூட்டின் நோக்கம். தற்செயலாக இயங்காத ஸ்விட்ச் வேண்டும் என்று தேடுபவரின் கையில் 1992-ஆம் ஆண்டுத் தாள் விடையோடு கிடைக்கிறது. ஆனால் அதே தாள், மக்கள் இதை விரும்பவில்லை என்றும் சொல்கிறது. அப்படியானால் அது வழிகாட்டுகிறதா, வேறு பக்கம் திருப்பிவிடுகிறதா?

ஐரோப்பாவின் பார்வை

நெதர்லாந்தில் ஹேக் நீதிமன்றம் 2011 ஆகஸ்ட் 24-இல் தற்காலிகத் தடை கோரும் மனுவில் இந்த உரிமையை ஏற்கவில்லை. நியோநோடு இருக்கும்போது இது நிலைக்காது என்பதே அதன் முதற்பார்வை.

இங்கிலாந்தில் கைப்பேசி நிறுவனமான எச்டிசி தொடுத்த வழக்கில் நீதிபதி ஃபிளாய்ட் 2012 ஜூலை 4-இல் தீர்ப்பளித்தார். அவர் நியோநோடிலிருந்து தொடங்கினார். இழுத்தால் திறக்கிறது, ஆனால் சரியாக இழுக்கிறோமா என்பது பயனருக்குத் தெரியவில்லை. இடைமுகம் வடிவமைப்பவர் இதற்கு என்ன செய்வார்? கண்ணுக்குத் தெரியும் பின்னூட்டம் ஒன்றைச் சேர்ப்பார். கணினித் திரைகளில் நகர்த்தும் ஸ்லைடர் அந்தத் துறையில் எல்லாரும் அறிந்தது. ஆகவே அடுத்த படி இயல்பானது, உரிமை செல்லாது என்றார்.

இங்கே ஒரு பழைய வழக்கைச் சொல்லாமல் போக முடியவில்லை. இங்கிலாந்து இந்த ஆய்வுக்குப் பயன்படுத்தும் நான்கு படிகள் 1985-இன் விண்ட்சர்ஃபிங் வழக்கில் பிறந்தவை. பாய்மரம் கட்டிய அலைப்பலகைக்குப் பெற்ற காப்புரிமையை வீழ்த்தியது, 1958-இல் ஹேலிங் தீவில் தானே ஒன்றைச் செய்து விளையாடிய 12 வயதுச் சிறுவனின் பலகை. அந்தப் படிகள் இவை: கோரலின் கருவை அடையாளம் காண், துறையில் சராசரித் திறமை உள்ள அந்தத் திறனாளரின் இடத்தில் நில், பழையதற்கும் புதியதற்கும் உள்ள இடைவெளியைச் சொல், பின்பு விடை தெரியாதவனாக அந்த இடைவெளியைப் பார். மலேசிய நீதிமன்றங்களும் இதே படிகளில்தான் ஏறுகின்றன. நான்காவது படிதான் கடினம். தெரிந்ததைத் தெரியாததுபோல் நினைப்பது நீதிபதிக்கும் சிரமமே.

ஜெர்மனியில் கூட்டாட்சிக் காப்புரிமை நீதிமன்றம் 2013 ஏப்ரலில் உரிமையை இரத்து செய்தது. செல்லாமை வழக்குகளை விசாரிக்கும் அதன் அமர்வில் ஐவர் இருப்பார்கள், மூவர் பொறியியல் அறிவியல் படித்தவர்கள். உச்ச நிலையிலுள்ள கூட்டாட்சி நீதிமன்றம் 2015 ஆகஸ்ட் 25-இல் அதை உறுதி செய்தது. ஜெர்மானியர்கள் முதலில் வேறொன்றைப் பிரித்துப் பார்த்தார்கள். திரையில் காட்டப்படுவது வெறும் தகவலா, அல்லது தொழில்நுட்பச் சிக்கல் ஒன்றைத் தொழில்நுட்ப வழியில் தீர்க்க உதவுகிறதா? தகவலின் அழகும் அமைப்பும் புத்தாக்கக் கணக்கில் சேராது. படத்தின் அலங்காரத்தைத் தள்ளிவிட்டு, விரல் நகர்வைக் கண்ணுக்குக் காட்டுவது என்ற பகுதியை மட்டும் எடுத்தார்கள். அதுவும் திறனாளருக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது என்று முடித்தார்கள்.

கலிபோர்னியாவிலிருந்து வாஷிங்டன் வரை

அமெரிக்காவில் ஆப்பிள் சாம்சங் மீது தொடுத்த இரண்டாம் வழக்கை, சான் ஹோசே நகரில் நீதிபதி லூசி கோ முன் 2014-இல் ஜூரி விசாரித்தது. ஜூரி சாம்சங் 119,625,000 டாலர் தர வேண்டும் என்றது. அதில் இந்தப் பூட்டுக்கான பங்கு 2,990,625 டாலர் மட்டுமே. பெரும்பகுதி, செய்தியில் வரும் தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பதற்கான வேறொரு உரிமைக்கு உரியது. ஆனாலும் பேசப்பட்டது பூட்டுதான்.

வாஷிங்டனில் நடந்த மேல்முறையீட்டில் 2016 பிப்ரவரி 26-இல் மூவர் அமர்வு, நீதிபதி டைக் எழுதிய தீர்ப்பில், நியோநோடையும் பிளேசானையும் சேர்த்தால் இது இயல்பானதே என்று ஜூரியின் முடிவைக் கவிழ்த்தது. 2007 ஜனவரி 9-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் திரையைத் திறந்து காட்டியபோது எழுந்த ஆரவாரத்தை ஆப்பிள் பாராட்டுச் சான்றாக வைத்திருந்தது. அரங்கில் இருந்த இரசிகர்கள் துறைத் திறனாளர்களா என்று தெரியாதபோது அந்தக் கைதட்டல் சட்டத்துக்குப் போதாது என்றது அமர்வு.

2016 அக்டோபர் 7-இல் அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு, 8-க்கு 3 என்ற கணக்கில், ஜூரியின் முடிவை மீட்டது. நீதிபதி மூர் எழுதினார். இரு ஆவணங்களையும் சேர்க்க ஒருவருக்குக் காரணம் இருந்திருக்குமா என்பது உண்மை சார்ந்த கேள்வி, அதை முடிவு செய்வது ஜூரியின் வேலை. சுவரில் மாட்டிய கருவியைப் பற்றிய தாளைக் கைப்பேசி வடிவமைப்பவர் தேடிப் போக மாட்டார் என்று ஆப்பிள் தரப்பு வல்லுநர் சாட்சி சொல்லியிருந்தார். பிளேசானின் பயனர்கள் நகர்த்தலை விரும்பவில்லை என்பதும் பதிவில் இருந்தது. சாம்சங்கின் உள் ஆவணங்கள் ஐஃபோன் வழியைப் பின்பற்றச் சொல்லியிருந்தன. இவ்வளவும் இருக்கும்போது ஜூரியின் முடிவுக்கு ஆதாரம் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல முடியாது என்றார். உச்ச நீதிமன்றம் 2017 நவம்பர் 6-இல் சாம்சங்கின் மனுவை ஏற்க மறுத்தது.

முழு அமர்வின் தீர்ப்பு வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2016 செப்டம்பரில், ஐஓஎஸ் 10 வெளியானது. அதில் நகர்த்தித் திறக்கும் பூட்டே இல்லை. உரிமை மீட்கப்பட்ட நாளில் பொருள் கைவிடப்பட்டிருந்தது. இது சட்டத்தில் எதையும் மாற்றாது. ஆனாலும் திரை இடைமுகத்துக்கு 20 ஆண்டு உரிமை என்பது எவ்வளவு நீண்ட காலம் என்பதை இந்த ஒரு நிகழ்வு எனக்கு உணர்த்திக்கொண்டே இருக்கிறது.

வேறுபாடு எங்கே

ஐரோப்பா கடுமையானது, அமெரிக்கா தாராளமானது என்று இதைச் சுருக்கிவிடுகிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. நான்கு நாடுகளும் ஒரே கேள்விக்கு விடை சொல்லவில்லை. ஃபிளாய்டும் ஜெர்மானிய நீதிபதிகளும் 'இது இயல்பாகத் தோன்றுமா' என்று தாங்களே கேட்டுத் தாங்களே விடை கண்டார்கள். வாஷிங்டனின் முழு அமர்வு கேட்டது, 'தோன்றாது என்று ஜூரி நினைத்ததற்கு ஆதாரம் இருந்ததா' என்பதை. இரண்டாவது கேள்விக்கு ஆம் என்பது முதல் கேள்விக்கு இல்லை என்பதாகிவிடாது.

இன்னொரு வேறுபாடு, எந்தச் சிக்கலிலிருந்து தொடங்குகிறோம் என்பது. 'நியோநோடு பயனருக்குத் தன் விரல் சரியாகப் போகிறதா என்று தெரியவில்லை' என்று தொடங்கினால், நகரும் படம் உடனே வந்துவிடும். 'பையில் இருக்கும்போது திறக்கவும் கூடாது, கையில் எடுத்தால் யாரும் சொல்லித்தராமலே திறக்கவும் வேண்டும்' என்று தொடங்கினால், வழி அவ்வளவு நேராக இல்லை. முதல் வாக்கியத்துக்குள் விடை பாதி ஒளிந்திருக்கிறது.

என் சொந்தத் தீர்ப்பைக் கேட்டால், இலண்டனின் முடிவு சரி என்பேன். ஸ்லைடரை அறிந்த எவருக்கும் அந்தப் படி சிறியது. ஆனால் 2016 பிப்ரவரியின் மூவர் அமர்வு, பயனர்கள் விரும்பவில்லை என்ற செய்தியை ஒதுக்கிய வேகம் எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஒருவர் தோற்ற வழியில் இன்னொருவர் துணிந்து நடப்பதையும் புத்தாக்கமாகக் கருத இடம் வேண்டும்.

ஜாலான் டூத்தாவில் என்றால்

இதே பூட்டு ஜாலான் டூத்தாவில் இருக்கும் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் வந்திருந்தால்? மலேசியாவில் ஜூரி முறை 1995-இல் ஒழிந்துவிட்டது. நீதிபதி தனியாக அமர்ந்து உண்மையையும் சட்டத்தையும் தானே முடிவு செய்கிறார். ஆகவே வாஷிங்டன் தீர்ப்பைத் தாங்கி நிற்கும் தூண் இங்கே கிடையாது. அமெரிக்காவில் வென்றது என்ற ஒரு செய்தியை வைத்துக்கொண்டு இங்கே வாதாட வருபவர்களை நான் எச்சரிப்பது இதனால்தான்.

ஆனால் எதிர்ப்பக்கமும் உண்டு. மலேசிய விண்ணப்பதாரர், அமெரிக்கா, ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம், பிரிட்டன், ஜப்பான், தென் கொரியா, ஆஸ்திரேலியா ஆகியவற்றில் ஒன்றில் வழங்கப்பட்ட உரிமையைக் காட்டி மாற்றியமைக்கப்பட்ட, அதாவது சுருக்கமான, ஆய்வு கேட்கலாம். எந்த நாட்டின் உரிமையைக் கொண்டுவருகிறார் என்பது அவர் தேர்வு. தாராளமாக வழங்கப்பட்ட ஒன்று அந்த வாசல் வழியே நுழைந்துவிட்டால், அதை வெளியேற்ற 56-ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும். ஒரு சிறு நிறுவனத்துக்கு அது எளிதில் தாங்கக்கூடிய செலவில்லை.

ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கை, கணினி நிரலும் தகவல் காட்டலும் வெறும் நிரலாகவும் தகவலாகவும் மட்டும் கோரப்படும் அளவில் அவற்றை விலக்கிவைக்கிறது. நமது 13-ஆம் பிரிவின் விலக்குப் பட்டியலில் அவை இரண்டும் இல்லை. வணிக முறை, மனச்செயல், விளையாட்டு விதிகள் இருக்கின்றன. அதற்காகக் கதவு திறந்தே கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம். 12-ஆம் பிரிவு கண்டுபிடிப்பு என்பதையே, தொழில்நுட்பத் துறையில் உள்ள ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கு நடைமுறையில் தீர்வு தரும் கருத்து என்று வரையறுக்கிறது. ஆக, சிக்கல் எது என்ற கேள்வி இங்கே சட்டத்தின் வாயிலிலேயே நிற்கிறது.

சார்புக் கோரல்கள் பற்றியும் ஒன்று. 7-ஆம் கோரல் வீழ்ந்தால் 8-ஆம் கோரலும் தானாக வீழுமா? 2015-இல் எஸ்கேபி ஷட்டர்ஸ் வழக்கில் மலேசியாவின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வீழும் என்றது. 2019-இல் மெர்க் நிறுவனத்துக்கும் ஈப்போவின் ஹோவிட் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் அதே நீதிமன்றம் அந்த நிலையிலிருந்து விலகி, ஒவ்வொரு கோரலையும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றது. இப்போது சிறிய சேர்க்கைகளையும் தனிக் கோரலாக எழுதிவைப்பதில் பொருள் இருக்கிறது.

தண்ணீர் ஏறாத மேடு

இவ்வளவையும் கேட்டபின் தம்பி முகம் வாடிவிட்டார். "அப்படியென்றால் எங்களுடையது நியோநோடும் பிளேசானும் சேர்ந்ததுதானே, அக்கா?" என்றார். சீட்டு விரலோடு நகர்வது மட்டும் என்றால் ஆம், என்றேன். பூட்டுக்குப் பதிலாகச் சாப்பாட்டுச் சீட்டு, அவ்வளவே.

பிறகு நான் கேட்டேன், முதலில் ஏன் பொத்தான் வைக்கவில்லை? வைத்திருந்தோம் என்றார் அண்ணன். இரசம் ஊற்றிய கை, கழுவிய கை, தண்ணீர் டம்ளர் பிடித்த கை. திரையில் விழுந்த துளியையே விரல் என்று எடுத்துக்கொண்டு ஆர்டர் போய்விடும். ஐந்தாம் மேசைக்குக் கேட்காத நண்டு வந்து நிற்கும். அதனால் தள்ளும்படி மாற்றினார்கள். அதற்குப் பிறகும் டேப்லெட்டைச் சாய்த்துப் பிடித்தால் துளி வழிந்து ஓடி, சீட்டையும் இழுத்துக்கொண்டு போனது.

"அதற்கு என்ன செய்தீர்கள்?"

தம்பி டேப்லெட்டை எடுத்து இடப்பக்கம் சாய்த்தார். சீட்டின் அம்புக்குறி வலப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் சாய்த்தார், அம்பு இடப்பக்கம் போனது. கருவிக்குள் இருக்கும் சாய்வு உணரியைப் பார்த்து, எப்போதும் மேட்டுப் பக்கம் தள்ளினால்தான் சீட்டுப் போகும்படி எழுதியிருந்தார். "தண்ணீர் மேட்டுக்கு ஏறாதல்லவா, அக்கா" என்றார், ஏதோ தவறு செய்து பிடிபட்டவர்போல. அவர்கள் கொண்டுவந்த எட்டுப் பக்க விளக்கத்தில் இது ஏழாம் பக்கத்தின் கீழே ஒரே வரியாக இருந்தது. முதல் ஆறு பக்கமும் திரையின் வண்ணங்கள்.

நான் அந்த வரியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டேன். ஈரக்கையில் தொடுதிரை பொய்த் தொடுகையைப் பதிவு செய்வது தொழில்நுட்பச் சிக்கல். அதற்கு விடை, தள்ளும் திசையைச் சாய்வுக்கு எதிராக மாற்றுவது. பிளேசானின் தாளிலிருந்தும் நியோநோடின் கையேட்டிலிருந்தும் அங்கே போகும் வழி எனக்குத் தெரியவில்லை. காப்புரிமை அலுவலகத்தின் ஆய்வாளர் வேறு தாள் கொண்டுவரலாம், அது வேறு விஷயம்.

செயலியை எப்போது முதலில் வெளியில் காட்டினீர்கள் என்று கேட்டேன். செந்தூலில் ஒரு கடையில் ஏழு மாதமாக ஓடுகிறது என்றார்கள். ஆப்பிளுக்கே இதில் அடி விழுந்திருக்கிறது. படங்கள் ஓரத்தில் இடித்துத் திரும்பும் அம்சத்துக்கான அதன் ஐரோப்பிய உரிமையை ஜெர்மனி 2013-இல் இரத்து செய்தபோது, எதிராக நின்ற சான்று ஸ்டீவ் ஜாப்ஸின் அந்த ஜனவரி 9 மேடை ஒளிப்பதிவு. விண்ணப்பம் போடுவதற்கு முன் அவர் காட்டிவிட்டார், ஐரோப்பாவில் தன் வெளியீட்டுக்குச் சலுகைக் காலம் கிடையாது. மலேசியாவில் 14-ஆம் பிரிவு, விண்ணப்பதாரரே வெளியிட்டிருந்தால் ஓராண்டு பொறுக்கிறது. எங்களிடம் ஐந்து மாதம் இருந்தது.

புதிய வரைவு மூன்று வாரத்தில் முடிந்தது. அதன் முதல் பத்தியில் திரையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஈரக்கையோடு பரிமாறுபவர், சாய்ந்த கண்ணாடி, வழியும் துளி. அம்பும் சீட்டும் இரண்டாம் பக்கத்தில்தான் வருகின்றன. அண்ணன் அதைப் படித்துவிட்டு, எங்கள் கடையைப் பற்றி எழுதியது மாதிரி இருக்கிறது என்றார். ஆய்வறிக்கைக்காகக் காத்திருக்கிறோம்.